வள்ளுவர் சட்டை என்ன கலர்?

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலுக்குப் போகிற தெருவில் ஒரு சின்னக் கடை. எலுமிச்சம்பழம், குங்குமம், கற்பூரம், வேப்பிலை. அமாவாசை ராத்திரி ஊஞ்சல் உற்சவத்துக்கு சென்னையிலிருந்தும் திருவண்ணாமலையிலிருந்தும் பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கும். அந்த ஒரு ராத்திரி வியாபாரத்தில்தான் அந்த வீட்டில் அடுத்த பதினைந்து நாளைக்கு உலை கொதிக்கும். மிச்ச நாளெல்லாம் மல்லாட்டை உரிக்கப் போவது, கழனி வேலைக்குப் போவது என்று ஓடும்.

கடைக்குப் பின்னாலேயே வீடு. நடு அறையில் ஒரு 14 இஞ்ச் கலர் டீவி. கடையில் வாங்கியது இல்லை. 2006 தேர்தலில் தி.மு.க. கொடுத்த வாக்குறுதிப்படி வீட்டுக்கு வீடு வந்ததே, அந்த டீவி. பக்கத்தில் ஓடும் ஃபேனும், அடுப்படியில் இருக்கும் மிக்சியும் கிரைண்டரும் 2011-க்குப் பிறகு அ.தி.மு.க. ஆட்சியில் வந்தவை. டீவிக்கு மேலே இருக்கும் செட்டாப் பாக்ஸ் அரசு கேபிளுடையது. ஆக அந்த வீட்டில் சோறு பொங்குகிற பாத்திரத்தைத் தவிர மிச்சம் எல்லாவற்றுக்கும் ஒரு கட்சி உண்டு.

வீட்டில் இருக்கும் ஆட்களுக்கும் அப்படித்தான். அப்பா இரட்டை இலை. அம்மாவின் தம்பி, அதாவது மாமா, உதயசூரியன். ஆயாவுக்கு அங்காளம்மன் ஒருத்திதான் கட்சி. அக்கா அப்போது பன்னிரண்டாம் வகுப்பு, வணிகவியல் பிரிவு. தம்பி எட்டாம் வகுப்பு.

அப்போது என்றால் 2020. மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. கோயில் நடை பக்தர்களுக்கு மூடப்பட்டது. அமாவாசை வந்தது, போனது, ஜனம் வரவில்லை. கடையில் எலுமிச்சம்பழம் வாடியது. பள்ளிக்கூடமும் பூட்டிக் கிடந்தது. நகரத்துப் பிள்ளைகள் செல்போனில் ஆன்லைன் வகுப்பு படித்தார்கள். இந்த வீட்டில் இருந்ததோ பட்டன் போன். அதிலும் பாதி நேரம் ரீசார்ஜ் இருக்காது.

மிச்சம் இருந்த ஒரே வாத்தியார் அந்த 14 இஞ்ச் பெட்டிதான்.

தமிழக அரசின் கல்வித் தொலைக்காட்சி 2019 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கியது. அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி தொடங்கி வைத்தார். அரசு கேபிளில் 200-ஆவது சேனல். படப்பிடிப்புத் தளம் சென்னை கோட்டூர்புரத்தில், அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டிடத்தில். (இந்த நூலகத்தை 2010-இல் கருணாநிதி திறந்தார். 2011-இல் ஜெயலலிதா அதைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அறிவித்தார். உயர் நீதிமன்றம் தடுத்தது. பிறகு அவர் கட்சியின் ஆட்சியே அதற்குள் ஒரு கல்விச் சேனலை வைத்தது. தமிழ்நாட்டில் ஒரு கட்டிடத்தின் தலையெழுத்து கூட நேர்கோட்டில் போகாது!) தொடங்கியபோது பெரிதாக யாரும் பார்க்கவில்லை. கொரோனா வந்த பிறகு, 2020 ஜூலையிலிருந்து, வகுப்புவாரியாக நேர அட்டவணை போட்டுப் பாடங்கள் வர ஆரம்பித்தன. லட்சக்கணக்கான வீடுகளுக்கு அதுதான் பள்ளிக்கூடம்.

தம்பிக்கு அந்தச் சேனல் பிடித்துப்போனது. உண்மையைச் சொன்னால், பாடம் நடத்திய ஆசிரியர்களில் பலர் நன்றாகவே நடத்தினார்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்கள்தான். கேமராவுக்கு முன்னால் முதலில் கொஞ்சம் விறைப்பாக நின்றாலும் பாடத்துக்குள் போனதும் சரியாகிவிடுவார்கள். அவன் பாயில் உட்கார்ந்து நோட்டில் எழுதுவான். "குட் மார்னிங் சார்" என்று டீவிக்கே வணக்கம் வைப்பான். ஆயா சிரிக்கும். "பொட்டி திரும்பிச் சொல்லுமாடா உனுக்கு?"

சொல்லாது. சிக்கல் ஆரம்பமாவது அங்கேதான்.

வகுப்பில் ஆசிரியர் ஏதாவது தப்பாகச் சொன்னால் ஒரு பையனாவது கை தூக்குவான். தூக்காவிட்டாலும் கடைசி பெஞ்சில் முணுமுணுப்பாவது கேட்கும். டீவியில் வருவதற்கு எதிராகக் கை தூக்க முடியாது. அதனால் டீவி சொல்வதை ஒரு குழந்தை அப்படியே எடுத்து வைத்துக்கொள்கிறது. அமெரிக்க உளவியல் சங்கம் 2004-இல் ஒரு குழு போட்டு ஆராய்ந்து, எட்டு வயதுக்குக் கீழே இருக்கும் பிள்ளைகளுக்கு விளம்பரத்தின் நோக்கம் புரியாது, அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்வதைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று சொன்னது. சோப்பு, சாக்லெட் விளம்பரத்துக்கே இந்த நிலைமை என்றால் கட்சி விளம்பரத்துக்கு? அதுவும் பாடம் என்ற பெயரில் வந்தால்?

2021 பிப்ரவரி. தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். கல்வித் தொலைக்காட்சியில் திருவள்ளுவர் படம் காவி உடையோடு வந்தது என்று செய்தி கிளம்பியது. அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க.ஸ்டாலின் கண்டித்தார். தெருவில் டீக்கடை முழுக்க அதே பேச்சு.

தம்பி புத்தகத்தை எடுத்துப் பார்த்தான். வெள்ளை உடையில் வள்ளுவர். மாமா கொண்டுவந்த பேப்பரைப் பார்த்தான். காவி. நேராக அப்பாவிடம் போய்க் கேட்டான்:

"அப்பா, வள்ளுவரு சட்டை இன்னா கலர்?"

பதின்மூன்று வயதுப் பையன் கேட்ட நியாயமான கேள்வி. வள்ளுவர் சட்டையே போட்டதில்லை என்று சொல்லி அதோடு முடித்திருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் அன்றைக்கு மாமாவும் இருந்தார்.

"உங்கப்பன் கட்சிக்காரங்கள கேளு, அவங்கதான் புதுசா சாயம் போட்டாங்க" என்றார் மாமா.

"கம்ப்யூட்டர்ல படம் தேடுறவன் எவனோ தெரியாம எடுத்துப் போட்டிருப்பான். அதுக்குப் போயி..." என்றார் அப்பா.

"தெரியாம போடுறதுக்கு அது என்னா மச்சான், கல்யாணப் பத்திரிகையா? பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க பாக்குற டீவி."

"பத்து வருஷம் முன்னாடி உங்க ஆளுங்க புத்தகம் பூரா அவங்க புராணத்தையே எழுதி வச்சாங்களே, அப்ப எங்க போன?"

அப்புறம் பேச்சு வள்ளுவரை விட்டு எங்கெங்கோ போனது. பழைய கடன், கல்யாணத்தில் போட்ட நகை, 2016-இல் யார் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்பது வரைக்கும் போனது. கடைசியில் அப்பா எழுந்தார். செட்டாப் பாக்ஸ் ஒயரைப் பிடுங்கினார். பாக்ஸைத் துணியில் சுற்றிப் பரண் மேல் போட்டார். "இனிமே இந்த வீட்டுல டீவியும் வேணா, அரசியலும் வேணா."

பரணிலிருந்து அது கீழே வந்தது ஏப்ரல் 6 வாக்குப்பதிவு முடிந்த பிறகுதான்.

இடைப்பட்ட நாட்களில் எட்டாம் வகுப்புக் கணக்கில் கூட்டு வட்டி நடந்தது. தம்பிக்கு அது தெரியாமலே போனது. எட்டாம் வகுப்பில் யாரையும் ஃபெயில் ஆக்குவதில்லை. அவனும் பாஸ். சண்டை காவியா வெள்ளையா என்பதற்கு. நட்டம் எழுதப்பட்டது கூட்டு வட்டிக் கணக்கில்.

சரி, அந்தப் பையன் கேட்ட கேள்விக்குப் பதில் என்ன?

வள்ளுவர் எப்படி இருந்தார் என்று யாருக்கும் தெரியாது. அவர் காலத்து ஓவியமோ சிலையோ எதுவும் இல்லை. நாம் பார்த்துப் பழகிய தாடியும் கொண்டையும் எழுத்தாணியுமான உருவம் ஓவியர் கே.ஆர்.வேணுகோபால் சர்மா வரைந்தது. எந்த மத அடையாளமும் இல்லாமல், வெள்ளை உடையில் வரைந்தார். 1960-இல் அது அஞ்சல் தலையாக வந்தது. 1964-இல் சட்டமன்றத்தில் அந்தப் படத்தை அப்போதைய குடியரசுத் துணைத்தலைவர் ஜாகிர் உசேன் திறந்து வைத்தார். அதன் பிறகு பஸ்ஸிலும் பாடப்புத்தகத்திலும் அரசு அலுவலகத்திலும் அதுதான் வள்ளுவர். 2019 நவம்பரில் தமிழக பா.ஜ.க. காவி உடையும் திருநீறும் போட்ட வள்ளுவர் படத்தைச் சமூக வலைத்தளத்தில் வெளியிட்டது. அன்றிலிருந்துதான் இந்தச் சண்டை பெரிதானது. 2024-இல் ஆளுநர் மாளிகையிலிருந்தும் காவி வள்ளுவர் வந்தார், மறுபடியும் சண்டை.

அந்தப் பையனுக்கு யாராவது இதைச் சொல்லியிருந்தால் எவ்வளவு நல்ல பாடம்! "இது ஓவியர் கற்பனை. இன்ன வருஷம் வரைந்தார். இன்ன காரணத்துக்காக வெள்ளை. இப்போது சிலர் மாற்றப் பார்க்கிறார்கள், அவர்கள் சொல்லும் காரணம் இது. நீ என்ன நினைக்கிறாய்?" ஐந்து நிமிடம் போதும். வரலாறு, ஓவியம், அரசியல் மூன்றும் ஒரே நேரத்தில் தலைக்குள் போயிருக்கும். பன்னிரண்டாம் வகுப்புக்கு ஜனவரியிலேயே பள்ளி திறந்துவிட்டதால், அக்கா தம்பிக்காக அவளுடைய ஆசிரியர் ஒருவரிடம் போய்க் கேட்டாள். பதில் என்ன தெரியுமா? "அதெல்லாம் பரீட்சைக்கு வராதும்மா, விடு."

அக்காவுக்கு இது முதல் அனுபவம் இல்லை. 2011-இல் அவள் மூன்றாம் வகுப்பு. தி.மு.க. ஆட்சி கொண்டுவந்த சமச்சீர்க் கல்வியை, மே மாதம் ஆட்சிக்கு வந்த அ.தி.மு.க. நிறுத்தப் பார்த்தது. புத்தகங்கள் அச்சடித்துக் கட்டுக் கட்டாகக் கிடந்தன. பிள்ளைகள் புத்தகம் இல்லாமல் பள்ளிக்குப் போய்வந்தார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரைக்கும் போய், ஆகஸ்ட் 9 அன்று சமச்சீர்க் கல்வியைச் செயல்படுத்தச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அப்புறம்தான் புத்தகம் கைக்கு வந்தது. வந்தபோது சில பக்கங்களில் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது! முந்தைய ஆட்சியையும் முந்தைய முதல்வரையும் நினைவூட்டும் இடங்களை மறைத்திருந்தார்கள்.

எட்டு வயதுப் பெண் கையில் ஸ்டிக்கர் ஒட்டிய பக்கம் கிடைத்தால் என்ன செய்வாள்? பக்கத்து வீட்டு அண்ணனின் பெரிய வகுப்புப் புத்தகத்தில் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தொட்டு அரை நாள் உட்கார்ந்து பிரித்தாள். மற்ற பக்கங்களை அந்த அண்ணனே படித்தானா தெரியாது. அந்தப் பக்கத்தைத் தெருவே படித்தது. மறைப்பதைப் போல ஒரு விளம்பரம் உலகத்தில் கிடையாது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸ்டிக்கர் ஒட்டியவர்கள் செய்தது தப்பு என்றால், ஸ்டிக்கர் ஒட்டுவதற்கு இடம் கொடுத்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு. பதவியில் இருக்கும் ஒரு முதல்வரின் புகழ் எதற்குப் பாடப்புத்தகத்தில் வர வேண்டும்? மாமாவுக்கு முதலாவது தப்பு மட்டும் தெரிகிறது. அப்பாவுக்கு இரண்டாவது மட்டும் தெரிகிறது. நம் வீடுகளில் பாதி அரசியல் பேச்சு இந்த லட்சணத்தில்தான் நடக்கிறது.

ஆட்சி மாறினால் சரியாகுமா? 2021 மேயில் மாறியது. முதலில் ஒரு நல்ல காரியம் நடந்தது. ஜெயலலிதா, எடப்பாடி பழனிசாமி படம் அச்சிட்ட பள்ளிப் பைகள் லட்சக்கணக்கில் மிச்சம் இருந்தன. தூக்கிப் போடாமல் அப்படியே பிள்ளைகளுக்குக் கொடுங்கள் என்று புதிய முதல்வர் சொன்னதாக அமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பல கோடி ரூபாய் மிச்சம். எல்லோரும் பாராட்டினார்கள், பாராட்ட வேண்டியதுதான். (ஒரு பையில் ஒரு படம் இல்லாமல் இருந்திருந்தால் இந்தப் பாராட்டுக்கே தேவை வந்திருக்காது என்பது வேறு விஷயம்.)

அடுத்த வருஷம் வேறு மாதிரி. 2022 ஆகஸ்டில் கல்வித் தொலைக்காட்சிக்கு ஒரு தலைமைச் செயல் அலுவலர் தேர்வானார். அவர் வலதுசாரிச் சார்பு உள்ளவர் என்று எதிர்ப்புக் கிளம்பியது. கூட்டணிக் கட்சிக்காரர்களும் ஆளுங்கட்சி ஆதரவாளர்களும் சத்தம் போட்டார்கள். பள்ளிக் கல்வித்துறை அமைச்சர் அன்பில் மகேஸ் பொய்யாமொழி நியமனத்தை நிறுத்தி வைத்தார். இது சரியா தப்பா என்று இரண்டு பக்கமும் பேசலாம். குழந்தைகள் பார்க்கும் சேனலை நடத்துபவரின் சார்பு முக்கியம்தான். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அவர் சார்பு பாடத்துக்குள் இறங்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஏற்பாடு இருந்ததா? இருந்திருந்தால் இவ்வளவு பதற்றம் எதற்கு?

இது நம்மூர் வியாதி மட்டும் இல்லை. 1969-இல் அமெரிக்காவில் 'செசமி ஸ்ட்ரீட்' என்ற குழந்தைகள் நிகழ்ச்சி தொடங்கியது. எழுத்தும் எண்ணும் சொல்லித்தரும் நிகழ்ச்சி. கறுப்பினத்தாரும் வெள்ளையரும் ஒரே தெருவில் சகஜமாகப் பழகுவதைக் காட்டினார்கள். 1970 மே மாதம் மிசிசிப்பி மாநிலக் கல்வித் தொலைக்காட்சிக் குழு அதை ஒளிபரப்ப வேண்டாம் என்று வாக்களித்தது. காரணம், அதில் எல்லா இனத்தவரும் கலந்து வருகிறார்கள், மாநிலம் இதற்கு இன்னும் தயாராகவில்லையாம்! விஷயம் வெளியே வந்து நாடு முழுக்கச் சிரிப்பாய்ச் சிரித்ததும் சில வாரங்களில் முடிவை மாற்றிக்கொண்டார்கள். ஒரு கறுப்பினப் பெண் வெள்ளைக்காரக் குழந்தைக்கு ஏ, பி, சி சொல்லித் தருவது அரசியலாகத் தெரிந்தது. அதைக் காட்டாமல் மறைப்பது மட்டும் அரசியல் இல்லை என்று நினைத்துக்கொண்டார்கள்.

நம் நாட்டில் 1975 ஆகஸ்டிலிருந்து ஒரு வருஷம் 'சைட்' என்ற சோதனை நடந்தது. அமெரிக்காவின் ஏ.டி.எஸ்.-6 செயற்கைக்கோளை இரவல் வாங்கி, ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்கு நேரடியாகத் தொலைக்காட்சி. காலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிவியல், மாலையில் பெரியவர்களுக்கு விவசாயமும் சுகாதாரமும். உலகமே வியந்து பார்த்த முயற்சி. ஆனால் அந்த வருஷம் முழுக்க நாட்டில் நெருக்கடி நிலை. ஒரு கிராமத்தின் முதல் டீவியே, பத்திரிகைகள் வாய் பொத்தி இருந்த காலத்தில், அரசாங்கத்தின் டீவியாகத்தான் வந்தது. அது நல்லதையும் சொன்னது. எதிர்த்துப் பேச மட்டும் ஆள் இல்லை.

1995 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் ஒரு முக்கியமான தீர்ப்புக் கொடுத்தது. கிரிக்கெட் ஒளிபரப்பு உரிமை பற்றிய வழக்குதான். ஆனால் தீர்ப்பு அதைவிடப் பெரியது: அலைவரிசை என்பது பொதுச் சொத்து. அரசாங்கத்தின் சொத்தும் இல்லை, தனியார் சொத்தும் இல்லை. 1997-இல் பிரசார் பாரதி என்ற தன்னாட்சி அமைப்பு நடைமுறைக்கு வந்தது. காகிதத்தில் தன்னாட்சி. 2024 ஏப்ரலில் டிடி நியூஸ் சின்னம் காவி நிறத்துக்கு மாறியபோதும், அதே ஆண்டு அக்டோபரில் டிடி தமிழ் விழாவில் தமிழ்த்தாய் வாழ்த்தில் திராவிடம் வரும் வரி விடுபட்டு, பிறகு டிடி தமிழ் மன்னிப்புக் கேட்டபோதும், அந்தத் தன்னாட்சி எவ்வளவு தூரம் என்று ஜனங்கள் கேட்டார்கள்.

2022 அக்டோபரில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. மாநில அரசுகள் நேரடியாக ஒளிபரப்பில் இறங்கக் கூடாது, கல்வி நிகழ்ச்சிகளையும் 2023 டிசம்பருக்குள் பிரசார் பாரதி வழியாகக் கொண்டுவர வேண்டும் என்று. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, மாநிலக் கட்சிகளின் கையிலிருந்து சேனல் போகும். ஆனால் யார் கைக்குப் போகும்? சென்னைக் கையிலிருந்து பிடுங்கி டெல்லிக் கையில் கொடுப்பதற்குப் பெயர் நடுநிலை இல்லை. பூட்டு அதேதான், சாவிக் கொத்து மட்டும் வேறு இடுப்புக்கு மாறுகிறது.

அப்படியானால் என்னதான் வழி?

வணிகவியல் படித்த அக்கா இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறாள். ஒரு கம்பெனி நடத்துகிற முதலாளியே தன் கணக்கைத் தானே தணிக்கை செய்து கையெழுத்துப் போட முடியாது. வெளி ஆள் ஒருவர் வந்து பார்க்க வேண்டும். பார்த்ததைப் பங்குதாரர்கள் முன்னால் சொல்ல வேண்டும். முதலாளி நல்லவரா கெட்டவரா என்பது கேள்வியே இல்லை. நல்லவருக்கும் அதே சட்டம். குழந்தைகள் சேனலுக்கும் அதேதான் வேண்டும் என்பது அவள் கட்சி. ஆசிரியர்கள், பெற்றோர், வரலாறு தெரிந்தவர்கள், எதிர்க்கட்சி சொல்கிற ஆள் ஒருவர் என்று ஒரு குழு. வருஷத்துக்கு ஒரு தடவை எல்லாப் பாடத்தையும் புரட்டிப் பார்த்து, எங்கெங்கே யார் முகம் வந்தது, யார் பெயர் விடுபட்டது, எது பாடம், எது விளம்பரம் என்று எல்லோரும் படிக்கிற மாதிரி வெளியிட வேண்டும். யார் குறை சொன்னாலும் அதற்குப் பதில் எழுத்தில் வர வேண்டும்.

இதைக் கேட்டு மாமா சிரித்தார். "குழு போட்டா அதுலயும் கட்சிக்காரன்தான் உக்காருவான்."

"உக்காரட்டும் மாமா. இப்ப ஒரு கட்சிக்காரன் மட்டும் உக்காந்திருக்கான். அப்ப நாலு கட்சிக்காரன் உக்காந்து ஒருத்தன ஒருத்தன் பாத்துக்கினு இருப்பான் இல்ல?"

மாமாவுக்குப் பதில் வரவில்லை. டீ ஆறிவிட்டது என்று எழுந்து போனார்.

அவள் சொல்லும் இன்னொரு விஷயம் விளம்பரச் செலவு. அரசு விளம்பரங்களில் தலைவர்கள் படம் போடுவது பற்றி 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. குடியரசுத் தலைவர், பிரதமர், தலைமை நீதிபதி படம் மட்டும் போடலாம் என்று. மாநிலங்கள் போய் முறையிட்டன. 2016 மார்ச்சில் முதல்வர்கள், ஆளுநர்கள், அமைச்சர்கள் படமும் போடலாம் என்று அது தளர்ந்தது. மக்கள் வரிப்பணத்தில் யாருடைய முகத்துக்கு 'குட்வில்' ஏறுகிறது? ஒரு தனியார் கம்பெனி இப்படிப் பள்ளிப்பையிலும் லேப்டாப்பிலும் முகம் போட வேண்டும் என்றால் எத்தனை கோடி கட்ட வேண்டியிருக்கும்? அந்தத் தொகை எந்தக் கட்சியின் தேர்தல் செலவுக் கணக்கிலும் வருவதில்லை. தேர்தல் தேதி அறிவித்ததும் அந்தப் படங்களை மூடச் சொல்லி உத்தரவு வரும். அப்படியானால் அது பிரசாரம்தான் என்று தேர்தல் ஆணையத்துக்குத் தெரியும். மற்ற நாலே முக்கால் வருஷம் மட்டும் அது பிரசாரம் இல்லையா?

கடைசியாக, செஞ்சிக்கோட்டை.

2025 ஜூலையில் யுனெஸ்கோ, 'மராத்திய ராணுவ நிலக்காட்சிகள்' என்ற பெயரில் 12 கோட்டைகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிராவில். பன்னிரண்டாவது, மேல்மலையனூரிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் இறங்கிவிடக்கூடிய நம் செஞ்சி. ஊரெல்லாம் சந்தோஷம். கூடவே ஒரு கேள்வி: மராத்தியக் கோட்டையா அது?

டீவியில் செய்தி ஓடியபோது ஆயா கோபித்துக்கொண்டது. ஆயாவுக்குச் செஞ்சி என்றால் தேசிங்குராஜன்தான். கூத்திலும் பாட்டிலும் கேட்ட கதை. பாராசாரிக் குதிரையும், கல்யாணப் பந்தலிலிருந்து எழுந்து வந்து நண்பனுக்காகச் சண்டை போட்டுச் செத்த அந்த இஸ்லாமியத் தோழனும். "எங்க ராஜா கோட்டைய எவன்டா வேற பேர்ல எழுதறான்?"

இப்போது பி.காம். சேர்ந்திருக்கும் தம்பி மெதுவாகச் சொன்னான். "ஆயா, தேசிங்குராஜாவே தமிழன் இல்ல. வடக்கேருந்து வந்த ராஜபுத்திரரு. பேரு தேஜ்சிங். 1714-ல ஆற்காட்டு நவாபுகூட சண்டையில செத்தாரு."

ஆயா நம்பவில்லை. ஆனால் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் வரிசையாகச் சொன்னான். முதலில் கோன்கள், பிறகு விஜயநகரத்து நாயக்கர்கள், 1649-இல் பீஜப்பூர் சுல்தான், 1677-இல் சிவாஜி, 1698-இல் மொகலாயர், தேசிங்கு, ஆற்காட்டு நவாப், 1750-இல் பிரெஞ்சுக்காரர், 1761-இல் ஆங்கிலேயர். மலைமேலே காவல் கட்டிடம் ஒருவர் கட்டியது, கல்யாண மகால் இன்னொருவர், வெங்கட்ரமணர் கோயில் ஒருவர், சாதத்துல்லாகான் மசூதி இன்னொருவர். எல்லாம் ஒரே சுற்றுச்சுவருக்குள்.

"இவ்ளோவும் எந்த டீவியில சொன்னான்?" என்று கேட்டது ஆயா.

"எதுலயும் சொல்லல ஆயா. அக்காகூட கோட்டைக்குப் போயி பாத்தேன். மிச்சத்த நூலகத்துல படிச்சேன்."

அந்தக் கோட்டையைப் பற்றி நாளைக்கு ஏதாவது ஒரு குழந்தைகள் சேனலில் அரை மணி நேரப் பாடம் வரும். அதில் சிவாஜி மட்டும் இருப்பாரா, தேசிங்கு மட்டும் இருப்பாரா, கோன்கள் மட்டும் இருப்பார்களா என்பது அந்தச் சமயம் சாவிக்கொத்து யார் இடுப்பில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் முடிவாகும் என்றால், அந்தப் பாடத்தைப் பார்க்கும் பிள்ளைக்கு நாம் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிய கோட்டையைத்தான் காட்டப்போகிறோம்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் எண்ணெய் தொட்டுப் பிரித்துப் பார்க்கும் அக்கா கிடைக்க மாட்டாள். எல்லா ஊருக்கும் பக்கத்தில் போய்ப் பார்க்கிற தூரத்தில் கோட்டையும் இருக்காது. பட்டன் போனும் பழைய டீவியும் மட்டும் இருக்கும் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பெட்டி சொல்வதுதான் கடைசி வார்த்தை. அதனால்தான் அங்கே வருவதைப் பற்றி இவ்வளவு சண்டை போட வேண்டியிருக்கிறது.

ஆனால் சண்டை போடும்போது ஒயரை மட்டும் பிடுங்கிவிடாதீர்கள். பாடம் நடந்துகொண்டிருக்கும். அந்தப் பையன் கூட்டு வட்டியைக் கடைசியில் பி.காம். சேர்ந்த பிறகு, அக்காவிடம் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டான்.